ஆறாவது எழுத்து

ஜீப் கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது பகல் இரண்டு மணிகூட ஆகியிருக்காது. ஆனால் மூன்று நாளாக விடாமல் பெய்த மழை இருந்த வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. வெள்ளக் கட்டுப்பாட்டு அறை என்று பலகை மாட்டிய அந்தச் சின்னக் கட்டடம் ஆற்றங்கரை மேட்டில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கி நின்றது.

அவள் குடையை விரிக்காமலே இறங்கி ஓடினாள். தோள்பையில் லேப்டாப், ஒரு கட்டு ஒயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். வேலை சின்ன வேலைதான். நாளைக்குப் புது மெஷின் வருகிறது. பழையதை நிறுத்தி, அதன் நினைவில் இருப்பதை நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு அவளைத்தான் அனுப்பியாக வேண்டும். ஏனென்றால் பதினாலு வருஷத்துக்கு முன்னால், இருபத்து நாலு வயதில், அந்தப் பழைய மெஷினுக்கு நிரல் எழுதியவளே அவள்தான். அதுவும் சிப்புக்கு நேரடியாகப் புரிகிற அசெம்பிளி மொழியில். ஆபீசில் அவளுக்குப் பெயரே பிட் அக்கா. பரீட்சையில் பிட் அடித்ததால் வந்த பெயர் இல்லை. ஒரு பிட் இடத்தைக்கூட வீணாக்க மாட்டாள் என்பதால் வந்தது.

கதவைத் திறந்த ஆளைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆபரேட்டர். இன்னும் இங்கேதான் இருக்கிறாரா?

பதினோரு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் கீழ்த்தெரு ஆட்களோடு மொத்தமாக மூழ்கியபோது டியூட்டியில் இருந்தவர் அவர்தான். ஆற்றின் மேல்பக்கத்து மூன்றாம் நிலையத்தில் இருந்த அளவுக்காரர், தண்ணீர் மட்டம் ஏறியதும் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். இங்கே மணி அடித்திருக்க வேண்டும். இவர் சங்கு ஊதியிருக்க வேண்டும். மணி அடிக்கவே இல்லை என்று விசாரணையில் இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தூங்கிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். அந்த அளவுக்காரரைக் கேட்கலாம் என்றால், அவரையும் நிலையத்தையும் சேர்த்தே ஆறு கொண்டுபோயிருந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. மூன்று வருஷ இடைநீக்கத்துக்குப் பிறகு ஆபரேட்டர் திரும்ப வந்தபோது ஊர் அவருக்கு ஒரு பெயர் தயாராக வைத்திருந்தது. தூங்குமூஞ்சி.

அந்த விசாரணையில் அவளும் சாட்சி சொன்னாள். ஒரே ஒரு கேள்வி. "செய்தி வந்திருந்தா மணி அடிச்சிருக்குமா?" ஒரே ஒரு பதில். "அடிச்சிருக்கும்."

"வாங்க மேடம். வழியெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றார் ஆபரேட்டர், பழசு எதுவுமே நடக்காத மாதிரி.

அறை நீளமாக, தாழ்ந்த கூரையோடு இருந்தது. மூலையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் ஐந்து லைனுக்கு ஐந்து விளக்குகள். சுவரில் ஐந்து ஒயர்கள் வந்து இறங்கின. மூன்றாவது மட்டும் பாதியிலேயே வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றித் தொங்கியது. சூடான தூசி வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை.

"அண்ணே, ஜன்னல் ஏதாவது திறந்திருக்கா? சேத்து வாடை அடிக்குது."

"எல்லாம் சாத்தித்தான் இருக்கு மேடம்." அவர் டீயை அவள் பக்கம் தள்ளினார். "மழை பெஞ்சா வரும். எனக்குப் பழகிடுச்சு."

அவள் லேப்டாப்பை இணைத்தாள். தான் எழுதிய நிரல் எண்ணெண்ணாக மேலேறியது. பழைய சிநேகிதியின் கையெழுத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது. செய்தியைப் படிக்கும் வேலையை அவள் கட்டம் தாண்டி விளையாடுவதுபோல அமைத்திருந்தாள். மேலே இருப்பவர் ஒரு நட்சத்திரக் குறியை அழுத்தினால் முதல் கட்டம். நிலைய எண்ணை அழுத்தினால் இரண்டாவது. தண்ணீர் மட்டத்தின் மூன்று எண்களும் வந்தால் மூன்று, நான்கு, ஐந்து. கடைசியாக ஒரு முற்றுக்குறி. அது வந்தால்தான் ஆறாவது கட்டம், அப்போதுதான் மணி. ஒவ்வொரு எழுத்துக்கும் பெட்டிக்குள் ரிலே என்ற சின்ன மின்விசை ஒன்று 'டக்' என்று தட்டும்.

லைன் ஒன்று, பூஜ்யத்தில் நின்றது. இரண்டும் பூஜ்யம். நான்கும் ஐந்தும் அதே.

லைன் மூன்று, ஐந்தாம் கட்டத்தில் நின்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐந்துதான். பக்கத்திலேயே வந்து சேர்ந்த எழுத்துகளும் இருந்தன. நட்சத்திரம். மூன்று. ஒன்பது, நான்கு, பூஜ்யம். ஒன்பது மீட்டர் நாற்பது. ஏழு மீட்டர் தாண்டினாலே ஊரைக் காலி செய்ய வேண்டும்.

மின்சாரம் போனாலும் நினைவு போகாதபடி உள்ளே ஒரு பேட்டரி வைத்தது அவள்தான். அது பதினோரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தது. செய்தி வந்திருக்கிறது. கடைசிக் குறியை மட்டும் அழுத்த முடியாமல் அந்த மனிதரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மெஷினோ வாயைத் திறந்தபடி, ஆறாவது எழுத்துக்காக, இன்றைக்கு வரைக்கும் காத்துக்கொண்டு நிற்கிறது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், அரை நிமிஷத்துக்குள் முற்றுக்குறி வராவிட்டால், வந்த மட்டுக்கும் எடுத்துக்கொண்டு மணி அடி என்று ஒன்பது வரி எழுதியிருந்தாள். சிப்பில் இடம் போதவில்லை. அந்த ஒன்பது வரியைத்தான் அழித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆபரேட்டர் ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு விசை. அழுத்தினால் லைன் மூன்றும் பூஜ்யம். யாருக்கும் தெரியாது.

அழுத்தினாள்.

பூஜ்யம் ஆனது. அவள் மூச்சு விட்டாள்.

டக்.

லைன் மூன்றின் விளக்கு மின்னி அணைந்தது. திரையில் ஒன்று.

டக்.

வேகமே இல்லை. விறைத்துப்போன ஒற்றை விரலால் தடவித் தடவி அழுத்துகிற மாதிரி.

டக். டக்.

சேற்று வாடை இப்போது வாய்க்குள்ளேயே இருந்தது.

டக்.

ஐந்து. ஒன்பது, நான்கு, பூஜ்யம்.

அவள் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய மூன்றாம் ஒயரைப் பிடித்துப் பார்த்தாள். டேப் சுற்றிய முனை எதிலும் சேரவில்லை. ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. ஓடி வந்து மறுபடி விசையை அழுத்தினாள். பூஜ்யம்.

டக். டக். டக். டக். டக்.

"அஞ்சுதான் வரும் மேடம்." ஆபரேட்டர் திரும்பாமலே சொன்னார். "ஆறாவது வராது. மழை நாள்ல எல்லாம் வரும். நானும் எண்ணிப் பாத்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"தூங்குமூஞ்சி சொன்னா யாரு நம்புவா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அண்ணே," என்றாள். குரல் யாரோ வேறொருத்தியின் குரல் மாதிரி வந்தது. "நீங்க தூங்கல. அன்னைக்கு செய்தி வந்திருக்கு. பாதி செய்தி. என் புரோகிராம்தான் அதை முழுங்கிடுச்சு. அந்தத் தப்பு எனக்குத் தெரிஞ்ச தப்பு. இப்பக்கூட அதை அழிக்கத்தான் பாத்தேன்."

அவர் திட்டுவார், கை ஓங்குவார் என்று நினைத்தாள். அவர் மெல்ல நடந்து வந்து திரையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"என் வீட்ல சொல்லுங்க. அவ தம்பி கீழ்த்தெருவுலதான் இருந்தான், வெள்ளத்துல போயிட்டான். அன்னைலேர்ந்து சோறு போடுவா, பேச மாட்டா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கடைசியில் மறுமுனையில் ஒரு பெண்குரல், துருப்பிடித்த கதவு திறப்பது மாதிரிக் கேட்டது.

"அவரு மத்தியானம் சாப்பிட்டாரான்னு கேளுங்க."

அவள் அதை அப்படியே கேட்டதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் லைன் மூன்று இன்னும் ஐந்திலேயே காத்திருந்தது. இதை இப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. அந்த மனிதரால் அழுத்த முடியாமல் போன குறியைத் தானே நினைவில் எழுதினாள்.

மணி அடித்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அடித்திருக்க வேண்டிய மணி. அறை முழுக்க அதிர்ந்தது. அவள் எழுதியிருந்தபடியே, செய்தி கிடைத்தது என்று மெஷின் அந்த அறுந்த ஒயருக்குள் ஒரு பதில் ஒலியை அனுப்பியது. பிறகு மணி தானாக நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

முடிந்தது என்று நினைத்தாள்.

டக்.

இந்தத் தடவை அவசரம் தெரிந்தது.

டக். டக். டக். டக்.

ஒன்பது, ஏழு, ஐந்து.

"என்ன மேடம்? அதே நம்பர்தானே?"

"இல்லண்ணே." அவள் உதடு மட்டும் அசைந்தது. "தண்ணி ஏறிட்டிருக்கு."

அந்த அளவுக்காரர் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கழுத்தளவா, தலைக்கு மேலா தெரியாது. ஆனால் அளவுகோலை விட்டு நகரவில்லை.

ஆபரேட்டர் அந்த வெட்டுப்பட்ட ஒயரருகே குனிந்து, காதோடு பேசுவதுபோல, "போதும்யா," என்றார். "விட்டுட்டு மேல ஏறி வந்துடு. நான் பாத்துக்கிறேன்."

மறுபடியும் டக் டக் என்று ஐந்து. ஒன்பது, ஒன்பது, பூஜ்யம்.

அவள் மின் இணைப்பைப் பிடுங்கினாள். பெட்டியைத் திறந்து பேட்டரியையும் கழற்றினாள். விளக்குகள் செத்தன. ரிலே மட்டும் இன்னும் ஒருமுறை, மெதுவாக, தட்டி ஓய்ந்தது.

திரையில் வந்ததெல்லாம் லேப்டாப்பில் பதிந்திருந்ததால் நகல் அவளிடம் இருந்தது. மறுநாளே விசாரணை அதிகாரிக்கு ஐந்து பக்கம் எழுதித் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு வேலை போனது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆபரேட்டர் பேரில் இருந்த குற்றத்தை நீக்கி உத்தரவு வந்தது. ஓய்வு பெறுகிற அன்று அவர் பெண்டாட்டி கூடவே வந்து, பை நிறையச் சாமான்களை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாளாம். அதைச் சொல்லி அவர் போனில் சிரித்தார்.

புது மெஷினை வேறு யாரோ, வேறு மொழியில், வேறு விதமாக எழுதியிருந்தார்கள். அதில் எண்கள் அழுத்துகிற வேலையே இல்லை. நிலையத்துக்காரர்கள் நேராகப் பேசலாம். மூன்றாம் நிலையத்தைத் திரும்பக் கட்டவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத எண். சின்ன வயசுப் பெண்குரல்.

"மேடம், நான் கட்டுப்பாட்டு அறையில புதுசா சேர்ந்த ஆபரேட்டர். தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க நம்பர் இங்க பழைய ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. மூணாம் நிலையத்துலேர்ந்து ஒருத்தர் பேசறாரு. லிஸ்ட்ல அந்த நிலையமே இல்லை. கீழ்த்தெருவைக் காலி பண்ணியாச்சான்னு திரும்பத் திரும்பக் கேக்கறாரு. லைன்லதான் இருக்காரு. நான் என்ன சொல்ல?"

அவள் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள். "காலி பண்ணியாச்சுன்னு சொல்லும்மா," என்றாள். "எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னு சொல்லு."

அந்தப் பெண் திரும்பி அந்த லைனில் அதைச் சொல்வது கேட்டது.

"சொல்லிட்டேன் மேடம்," என்றாள் அந்தப் பெண்.

"என்ன சொன்னாரு?"

"அப்போ இங்க என் பக்கத்துல நனைஞ்சுக்கிட்டு நிக்கறவங்கல்லாம் யாருன்னு கேக்கறாரு."