கால்மிதிக்குப் போட்ட சட்டை

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த வேல்விழிக்கு முதுகு சில்லிட்டது. பாய் ஈரமாக இருந்தது.

பென்னலூரில் அந்த ஒற்றை அறையில் முன்பு நாலு பெண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுப் போனபின் மிச்சம் இவளும் செல்லக்கனியும்தான். இவளுக்கு இரவு வேலை, அவளுக்கு வேறொரு கம்பெனியில் பகல் வேலை. ஓ.டி. முடித்து அவள் வருவதற்குள் இவளுடைய பஸ் கிளம்பிவிடும். ஃபேன் காற்று படுகிற இடம் ஒன்றே ஒன்று என்பதால் அங்கே ஒரே பாய், சுருட்டவே மாட்டார்கள். காலையில் செல்லக்கனி எழுந்து போன சூடு ஆறுவதற்குள் வேல்விழி அதில் வந்து விழுவாள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்தச் சூடு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. வாரம் முழுக்க இன்னொரு ஆளின் உடம்பு பக்கத்தில் இருந்தது என்பதற்கு அவளுக்குக் கிடைத்த அடையாளம் அதுதான்.

திங்கட்கிழமையே சூடு இல்லை. நேற்று ஏதோ வாடை. இன்று ஈரம். தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே படுத்து எழுந்திருக்கிறாள் மகராசி என்று திட்டிக்கொண்டே பாயைத் திருப்பிப் போட்டாள். கோரை இடுக்கிலிருந்து மணல் கொட்டியது. மெல்லிய, வெளிர்நிற மணல். ஒரகடத்துப் பக்கம் கட்டடம் கட்டுகிற மணல் இப்படி இருக்காது.

அசதி பயத்தைவிடப் பெரியது. தூங்கிவிட்டாள்.

பகலில் தூங்குகிறவர்களின் அறை அது, ஜன்னலுக்கு அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். நடுப்பகலிலும் உள்ளே மூலைகள் தெரியாது. தொழிற்சாலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் தூரத்தில் எழுந்து அடங்கிக்கொண்டே இருக்க, ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனக, அந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொரு சத்தம் நெடுநேரமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது புரிந்துதான் அவள் கண்விழித்தாள். கதவுக்கு வெளியே யாரோ கால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வலது காலை ஒரு தேய்ப்பு, இடது காலை ஒரு தேய்ப்பு. விருந்தாளி வீட்டுக்குள் நுழையும் முன் மரியாதையாகத் துடைப்பதைப்போல, அவசரமே இல்லாமல்.

"யாரு?"

சத்தம் நின்றது. படி இறங்கும் ஓசை கேட்கவில்லை.

செல்லக்கனிக்கு போன் போட்டாள்.

"ஏட்டி, ஏன் பாயை ஈரமாக்கி வச்சிருக்க? இப்ப கதவுகிட்ட வந்தியா?"

"பாயா? நான் ஞாயித்துக்கிழம ராத்திரியே ஊருக்கு வந்துட்டேம்லா. குரூப்ல போட்டேனே, பாக்கலியா நீ?"

வேல்விழி விரல் விட்டு எண்ணினாள். திங்கள், செவ்வாய், இன்று. மூன்று நாள் காலையிலும் அவள் யாருடைய இடத்தில் படுத்து எழுந்தாள்?

கதவைத் திறந்தாள். ஆள் இல்லை. கால்மிதி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அது ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கூட்டிப்போயிருந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றதும் வேல்விழி முதல் ஆளாகக் கை தூக்கினாள். கடல்மேல் ஆசை இல்லை, செல்லக்கனி ஓ.டி.க்குப் போய்விடுகிற ஞாயிற்றுக்கிழமையை அந்த அறையில் தனியாகத் தள்ள முடியாது என்பதுதான் காரணம். அங்கேயும் எல்லோரும் அவரவர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். குப்பை பொறுக்கி முடித்து, மண் அரிக்காமல் இருக்க மணல்மேட்டில் அடப்பங்கொடி நடும்போது இவள் கடைசி ஓரத்தில் தனியாகக் குழி தோண்டினாள். ஒரு முழம் ஆழத்தில் துணி தட்டுப்பட்டது. மடித்து, பொத்தான் போட்டுப் புதைத்த சட்டை. இழுத்தால் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருப்பதைப்போல் இறுகி, பிறகு பட்டென்று வந்தது.

"துணிலாம் கணக்குல வராதும்மா, பிளாஸ்டிக்கும் வலையும் மட்டும் போடு" என்றார் சூப்பர்வைசர் ஹேமந்த். கெட்டித் துணி, தூக்கிப் போட மனம் வரவில்லை. அறைக்குக் கால்மிதி இல்லை என்ற நினைப்பில் பையில் திணித்துக்கொண்டாள்.

பஸ் கிளம்பும்போதுதான் மீன்கூடையோடு ஒருத்தி ஓடி வந்தாள். ரத்னா என்று யாரோ அவளைக் கூப்பிட்டுத் தடுத்தார்கள்.

"எம்புள்ள சட்டய எவ எடுத்தது? கடல்ல போனவன் கெடைக்கவே இல்ல. கரை தெரியணும்னு பொதைச்சி வெச்சேன். அந்தத் துணி எங்க கீதோ அங்கதான் அவன் ஏறுவான்!"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். வேல்விழி பையை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தாள். இப்போது அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கினாள்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். அந்த ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சட்டையை கேரிபேக்கில் போட்டு, பஸ் மாறி பஸ் மாறி ஓடினாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்து எழுந்து போனார்கள்.

ரத்னா மணல்மேட்டில்தான் இருந்தாள். சட்டையை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"எங்க போட்டு வெச்சிருந்த?"

"வாசல்லக்கா. கால்மிதிக்கு. தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்க."

"வந்தானா?"

வேல்விழி பாயைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல ரத்னாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அதைப் பார்க்கத்தான் இவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"படுத்தானா? அய்யோ, என் சாமி. எத்தினி நாளா தண்ணில ஊறிக்கினு கெடந்தான். ஒரு கூரை கெடச்சிச்சே."

"அக்கா, இதை மறுபடி பொதைச்சிருங்க. அவரு இங்கயே வந்திருவாருல்லா?"

"இன்னாத்துக்கும்மா? கரை தெரியாதவனுக்குத்தான் துணி. அவன் வழி பாத்துட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ராவுல பயப்படுவான். சின்னப்பவே அவன் தனியா படுக்க மாட்டான்."

வேல்விழி தானே மண்டியிட்டுக் குழி தோண்டி, சட்டையை மடித்து வைத்து மூடினாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது. திரும்பிப் பார்த்தபோது ரத்னா தன் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஒரு தடவைகூட கடல் பக்கம் திரும்பவில்லை.

பென்னலூரில் இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரம். அறைக்குப் போகக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வேறு எங்கே போவது? போனில் இருந்த பெயர்களைத் தள்ளிப் பார்த்தாள். லைன் லீடர், வேன் டிரைவர், ரீசார்ஜ் கடை. இன்று ஒரு ராத்திரி உன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்கக்கூடிய ஒரு பெயர் இல்லை. அழுகை வந்தது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடிவிடலாம். அது இல்லாமல் கம்பெனி பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கதவைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் ஆணியில்தான் தொங்குகிறது.

போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. நிம்மதி.

வாசலில் தரை காய்ந்திருந்தது. அதுவும் நிம்மதி.

கதவைத் தள்ளினாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. கையை ஆணிப் பக்கம் நீட்டினாள். விரலில் அட்டையின் கயிறு பட்டது. ஈரமாக இருந்தது.

தெருவிளக்கின் வெளிச்சம் அவள் காலுக்கிடையில் உள்ளே விழுந்து பாயின் கால்மாடு வரை போனது. அங்கே இரண்டு பாதங்கள். ஊறி வெளுத்து உப்பியவை. நகங்கள் இல்லை. ஒரு பொட்டு மணல்கூட ஒட்டாமல் சுத்தமாகத் துடைக்கப்பட்டவை.

தெருமுனையில் அவளுடைய பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை. பிறகு கிளம்பிப் போனது.

அவளால் அசைய முடியவில்லை.

பாதங்கள் அசைந்தன. மெதுவாக. சுவர் ஓரமாக நகர்ந்தன. பாயில் பாதி இடம் காலியானது.

நகர்ந்தபின் அவை அசையவில்லை. காத்திருந்தன.