ஏழாம் பக்கத்தில் ஒரு கர்ர்ர்

மிளகின் அம்மா வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். அந்த வேலையில் பாதி ஸ்க்ரூ டிரைவரால் நடக்கும். மீதிப் பாதி காதால் நடக்கும்.

போன் வரும்.

"எங்க மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க."

"என்ன மாதிரி?"

"அதாங்க, ஒரு மாதிரி."

"கூச்சப்படாம செஞ்சு காட்டுங்க."

 அந்தப் பக்கம் பேசுபவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடகட கடகட டொம்!" என்பார்.

"மெஷின் சமமா நிக்கல. ஒரு காலைத் திருகி உயர்த்துங்க, சரியாப் போயிடும்" என்று அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

இதைப் பார்த்துப் பார்த்து மிளகுக்கு ஒரு யோசனை வந்தது. மிளகுக்கு வயது பத்து. உருவம் சிறிசு, காரம் ஜாஸ்தி என்பதால் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அம்மா, எல்லாச் சத்தத்தையும் ஒரு இணையதளத்துல போட்டுடலாமா? கேட்டுப் பார்த்து, அவங்க மெஷினுக்கு என்னன்னு அவங்களே கண்டுபிடிச்சுக்கலாம்."

அம்மாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. முதலில் நிஜ மெஷின்களைத்தான் பதிவு செய்து பார்த்தார்கள். ஆனால் எந்த வீட்டில் பதிவு செய்தாலும், பின்னால் யாராவது டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவது கேட்டது. அதனால் சத்தங்களை வாயாலேயே செய்வது என்று முடிவானது.

"கர்ர்ர்" எல்லாம் அம்மா. "டொம்" எல்லாம் அப்பா. அவர் பேருந்து ஓட்டுநர், நல்ல கனமான குரல். "விய்ய்ய்ங்" என்று துணி பிழியும் சத்தம் தம்பி பம்பரம். ஆறு வயதுப் பம்பரத்துக்குச் சுற்றாமல் அந்தச் சத்தம் வராது. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அவன் தலை சுற்றிச் சோபாவில் விழுவது தெளிவாகக் கேட்கும்.

ஒவ்வொரு சத்தத்துக்குக் கீழேயும், அது ஏன் வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று அம்மா எளிமையாக எழுதினார். "மெஷின் என்ன சொல்லுது?" என்று தளத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. ஒரு ஈ, காக்கை கூட அந்தப் பக்கம் வரவில்லை.

"தேடிப் பார்த்தா நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டார் அம்மா. தேடுபொறியில் 'வாஷிங் மெஷின் சத்தம்' என்று அடித்தாள் மிளகு.

முதல் இடத்தில் 'சகலமும்' என்ற பெரிய தளம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சமையல் முதல் சந்திரன் வரை அதில் எல்லாவற்றுக்கும் கட்டுரை உண்டு. மிளகு சத்தமாகப் படித்தாள்.

"வாஷிங் மெஷினில் பல காரணங்களால் சத்தம் வரலாம். சத்தம் வந்தால், சத்தத்தின் காரணத்தைக் கண்டறிவது அவசியம். காரணத்தைக் கண்டறிந்துவிட்டால், சத்தம் ஏன் வருகிறது என்று தெரிந்துவிடும்."

"இதைப் படிச்சு யாருக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மா.

"சத்தத்துக்குக் காரணம் இருக்குன்னு தெரியும்" என்றான் பம்பரம்.

இரண்டாம் பக்கம் போனார்கள். மூன்றாம் பக்கம் போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஏழாம் பக்கத்தின் அடியில், 'காதடைப்பான்கள் மலிவு விலையில்' என்ற விளம்பரத்துக்கும், 'கனவில் வாஷிங் மெஷின் வந்தால் என்ன பலன்?' என்ற கட்டுரைக்கும் நடுவில் அவர்கள் தளம் நசுங்கிக் கிடந்தது.

அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போதும் மிளகு. பகலெல்லாம் மெஷினைத் தூக்கிட்டு, சாயங்காலம் யாருமே கேக்காத சத்தத்தைப் போட்டுக்கிட்டு... ஞாயித்துக்கிழமை இதை மூடிடலாம்."

 அம்மா தினமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். ஆனால் பதிவு செய்ய உட்கார்ந்துவிட்டால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். தளத்தை மூடினால் அந்தச் சிரிப்பும் போய்விடும். அதை நினைக்கவே மிளகுக்குப் பிடிக்கவில்லை.

அப்போது அப்பா ஒரு திட்டத்தோடு எழுந்து நின்றார்.

"புது ரூட்ல பஸ் விட்டா முதல்ல காலியாத்தான் ஓடும். விடாம ஓட்டணும். நாமளே தேடுவோம், நாமளே நம்ம தளத்துக்குள்ள போவோம். போகப் போகப் பாதை படிஞ்சிடும்!"

அன்றிலிருந்து வீட்டுக் கணினிக்கு ஓய்வு இல்லை. பல் தேய்க்கும் முன் ஒரு முறை, சாப்பிட்டு எழுந்ததும் ஒரு முறை, செருப்பைக் கழற்றியதும் ஒரு முறை. தேடுவார்கள், ஏழாம் பக்கம் வரை போவார்கள், தங்கள் தளத்தைத் திறப்பார்கள். பம்பரத்துக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது.

அதிசயம் நடந்தது! தளம் ஐந்தாம் பக்கத்துக்கு வந்தது. மறுநாள் மூன்றாம் பக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் முதல் பக்கத்தில், முதல் இடத்தில், 'சகலமும்' தளத்துக்கும் மேலே நின்றது.

வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அப்பா ஐஸ்கிரீம் வாங்க ஓடினார். அம்மா கையைத் துடைக்கக்கூட நிற்காமல் எதிரில் இருந்த மருந்துக்கடைக்கு ஓடினார். மிளகும் பின்னாலேயே போனாள்.

"உங்க போன்ல 'வாஷிங் மெஷின் சத்தம்'னு தேடிப் பாருங்களேன்!"

மருந்துக்கடை அக்கா தேடினார். "சகலமும்னு ஒண்ணு வருது."

"அதுக்கு மேல பாருங்க."

"அதுக்கு மேல மணிதான் காட்டுது."

அக்கா பொறுமைசாலி. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, "இந்தா, கிடைச்சிடுச்சு! அடடே, கனவுல மெஷின் வந்தா வெளியூர்ப் பயணமாம்" என்றார்.

அம்மாவின் முகம் வாடியதை மிளகு பார்த்தாள்.

வீட்டுக் கணினியில் முதல் இடம், அக்காவின் போனில் ஏழாம் பக்கம். ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்க, நால்வரும் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம இன்டர்நெட் நல்ல இன்டர்நெட். அவங்களோடது சரியில்லை" என்றான் பம்பரம்.

மிளகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். "இல்லடா. நாம தினமும் இதையேதான் தொடுறோம்னு அது கவனிச்சிருக்கு. சரி, இவங்களுக்கு இதுதான் பிடிக்கும் போலன்னு நமக்கு மட்டும் மேல தூக்கி வச்சிருக்கு."

அப்பா தலையைச் சொறிந்தார். "அப்படின்னா இத்தனை நாளா பஸ்ஸை ஷெட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி ஓட்டினேனா?"

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. பம்பரம் மட்டும் எல்லோருடைய ஐஸ்கிரீமையும் சாப்பிட்டான்.

மறுநாள் பள்ளியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "எனக்கு யானை வரைய யாரு சொல்லித் தருவா?" என்று கேட்டாள். வகுப்பே லீடரைக் கை காட்டியது. லீடர் வரைந்த யானை, குடம் ஒன்று வழுக்கி விழுந்தது மாதிரி இருந்தது. உண்மையில் நன்றாக வரைபவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். அவளை யாரும் காட்டவில்லை. ஏனென்றால் எதற்கென்றாலும் லீடரைக் காட்டித்தான் எல்லோருக்கும் பழக்கம்.

மிளகு எழுந்து போய்க் கடைசி பெஞ்சைக் காட்டிவிட்டு வந்தாள். திரும்பி உட்காரும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "தேடுற மெஷினும் அப்படித்தானேம்மா? நிறையப் பேர் யாரைக் கை காட்டுறாங்களோ அவங்களைத்தான் முன்னாடி வைக்குது. அதோட அதுக்குக் காதும் இல்ல. நம்ம தளத்துல இருக்கிறதெல்லாம் சத்தம். இது நியாயமா?"

அம்மா யோசித்தார். "அதுக்கு நம்ம மேல கோபம் ஒண்ணும் இல்ல. அத்தனை கூட்டத்துல நம்மளை அதுக்குத் தெரியலை. ஆனா தெரியாதவங்களைக் கடைசியில தள்ளுறது நியாயம்னும் என்னால சொல்ல முடியலை."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தளம் இருக்குமில்ல?"

"இருக்கும்."

மிளகு கணினியில் உட்கார்ந்தாள். இனி முதல் இடத்துக்குப் போக எந்தத் தந்திரமும் வேண்டாம். ஏழாம் பக்கம் வரை ஒருவர் தேடிக்கொண்டு வருகிறார் என்றால், பாவம், அவர் எவ்வளவு கஷ்டத்தில் இருப்பார்! அவரையாவது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தளத்தின் மேலே பெரிய எழுத்தில் இப்படி எழுதினாள்:

'உங்கள் மெஷின் போடும் சத்தம் எது என்று புரியவில்லையா? எங்களுக்குப் போன் செய்து சத்தம் போடுங்கள். சிரிக்க மாட்டோம்.' கீழே போன் எண்ணைப் போட்டாள்.

சனிக்கிழமை காலை. அப்பா பேருந்தில், அம்மா குளியலறையில். போன் அடித்தது. மிளகு எடுத்தாள்.

"ஹலோ... சத்தம் போடுற இடம் இதுதானே?" ஒரு பெண்ணின் குரல், களைத்துப் போயிருந்தது.

"ஆமாங்க. போடுங்க."

"கிர்ர்ர்... டிக். கிர்ர்ர்... டிக்."

பம்பரம் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். மிளகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டதே!

"துணி சுத்தும்போது வருதா, தண்ணி வெளிய போகும்போது வருதா?"

"தண்ணி போகும்போது. ஆனா உங்க தளத்துல அதே மாதிரி ரெண்டு சத்தம் இருக்கு. எதுன்னு தெரியலை."

மிளகு தம்பியை வெளியே இழுத்தாள். அவன் போனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "கொர்ர்ர்-டக்!" என்றான்.

"இல்லப்பா."

"கிர்ர்ர்-டிக்!"

"அதேதான்! அப்படியே எங்க வீட்டு மெஷின்!"

பம்பரத்தை யாரும் இவ்வளவு பாராட்டியது இல்லை. அவன் மகிழ்ச்சியில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

அம்மா எழுதியிருந்ததை மிளகு நிதானமாகப் படித்துச் சொன்னாள். "முதல்ல கரண்ட் பிளக்கைப் பிடுங்கிடுங்க. மெஷினுக்கு முன்னாடி, கீழ ஒரு சின்னக் கதவு இருக்கும். அதுக்கு அடியில தட்டு வச்சுட்டு, உள்ளே இருக்கிற மூடியை மெதுவாத் திருகுங்க."

சற்று நேரத்தில் அந்தப் பக்கம் 'தபதப' என்று தண்ணீர் கொட்டும் சத்தமும், ஒரு "ஐயையோ!"வும் கேட்டன.

"தட்டு வச்சீங்களா?"

"இப்ப வச்சுட்டேன்" என்றது குரல். பிறகு, "அட! உள்ளே நாலஞ்சு பேப்பர் கிளிப்பு! எழுதும்போது யோசனையில சட்டைப் பையில போட்டுக்குவேன். அப்படியே துவைக்கப் போட்டிருக்கேன்!"

மூடியை மூடி, பிளக்கைப் போட்டு மெஷினை ஓட விட்டார். சத்தம் போயே போய்விட்டது.

"நீங்க எழுத்தாளரா?" என்று கேட்டாள் மிளகு.

குரல் கொஞ்சம் இழுத்தது. "கட்டுரை எழுதுவேன்மா. காலையில தேடினப்போ முதல்ல வந்ததே என் கட்டுரைதான். வாஷிங் மெஷின்ல பல காரணங்களால சத்தம் வரலாம்னு எழுதியிருந்தேன். என்ன காரணம்னு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். எனக்கே புரியலை."

மிளகுக்கு வாய் துறுதுறுத்தது. அந்தக் கட்டுரையைப் பற்றி வீட்டில் பேசியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பாவம், தரையெல்லாம் தண்ணீரோடு நிற்பவரை என்ன சொல்வது?

"பரவாயில்லைங்க. எங்கம்மா கூட என்னென்னவோ எழுதி எழுதி அழிப்பாங்க" என்றாள்.

"எனக்கு வெக்கமா இருக்கு. அந்தக் கட்டுரையை எடுத்துடச் சொல்றேன்."

"வேண்டாம்!" என்றாள் மிளகு அவசரமாக. "எடுத்தா அந்த இடத்துக்கு அதே மாதிரி இன்னொண்ணு வந்துடும். நிறையப் பேர் உங்ககிட்டதான் முதல்ல வர்றாங்க. வர்றவங்களுக்கு எங்க பக்கத்தைக் கை காட்டினீங்கன்னா போதும்."

அந்தப் பக்கம் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "இப்பவே செய்றேன். தரையைத் துடைச்சுட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை. 'சகலமும்' தளத்தின் கட்டுரையில் இப்போது முதல் வரியே இதுதான்: 'இந்தக் கட்டுரையைப் படிக்கும் முன் "மெஷின் என்ன சொல்லுது?" தளத்துக்குப் போய் உங்கள் மெஷினின் சத்தத்தைக் கேளுங்கள். என் மெஷின் சரியானது அங்கே கேட்டுத்தான்.' அதைத் தொட்டால் நேராக மிளகு வீட்டுத் தளம் திறந்தது.

மருந்துக்கடை அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தேடிப் பார்த்தேன், நீங்க இன்னமும் ஏழாம் பக்கத்துலதான் இருக்கீங்க!" என்று கத்தினார்.

அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா ஒருவரின் "டொம் டொம்"முக்குத் தலையாட்டினார். பம்பரம் இன்னொருவருக்கு "விய்ய்ய்ங்" செய்து காட்டிச் சோபாவில் விழுந்தான். எந்த ஊரோ, யாரோ ஒரு பெரியவர், மெஷினுக்குப் பக்கத்திலேயே போனை வைத்தார்.

"க்ளுக்... பீஈஈ... க்ளுக்."

அம்மா கண்களை மூடிக் கேட்டார். கண்களைத் திறந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மிளகு! இந்தச் சத்தத்தை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லடி! பதிவு பண்ணணும், எல்லாரும் வாங்க!"

நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மாறி மாறி "க்ளுக்... பீஈஈ" என்று கத்திப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இருட்டும் வரை அவர்களுக்கு வேலை இருந்தது. தளத்தை மூட வேண்டும் என்று சொன்ன அம்மாவுக்கு, அன்றைக்கு அதை மூட நேரமே கிடைக்கவில்லை.