வேண்டாத ஒலிகள்

நிலவுக் குடியிருப்பில் கண் விழித்ததும் முதல் வேலை, அன்றைக்கு எந்தெந்தச் சத்தம் காதில் விழக் கூடாது என்று சொல்வதுதான். பாறைக்குள் குடைந்த வீடுகள். இடையில் அட்டை போன்ற சுவர்கள். அடுத்த வீட்டுச் சண்டையையும் காற்றுக் குழாயின் இரைச்சலையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் சிறு வயதிலேயே காதுக்குள் ‘செவியகம்’ என்ற கருவியைப் பதித்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒலியை அது துடைத்துவிடும். கேட்டால் அந்த இடத்தை வேறொரு ஒலியால் நிரப்பியும் தரும்.

கீரைப் பண்ணையில் வேலை பார்த்த எமல்டா, தன் கணவன் கஸ்பாரின் குறட்டையைத் துடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குறட்டைக்குப் பதிலாக, அவள் ஒருபோதும் பார்த்திராத பூமிக் கடலின் அலையோசையைக் கேட்டபடி குழந்தையைப் போலத் தூங்கினாள்.

கஸ்பார் பனிச்சுரங்கத்தில் வெட்டு எந்திரம் ஓட்டுபவன். சமீப காலமாகக் காலையில் தலைவலி என்றான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான்.

“நல்லா தூங்கி எந்திரிச்சும் இன்னும் என்ன தூக்கம் உங்களுக்கு?” என்று எமல்டா கடிந்துகொண்டாள். தான் நன்றாகத் தூங்கியதால் அவனும் அப்படித்தான் தூங்கியிருப்பான் என்று நம்பினாள்.

ஒரு நாள் மதியம் பொது உணவுக்கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிய கஸ்பார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான். நிலவில் எல்லாமே மெதுவாகத்தான் விழும். அவன் விழுந்து முடிப்பதற்குள் எமல்டா நான்கு மேசை தாண்டி ஓடி வந்து தாங்கிவிட்டாள். அவன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். டாக்டர் மெஹருன்னிசா அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசினார்.

“பல வருஷமா இவருக்குச் சரியான தூக்கமே இல்லம்மா. தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னுபோவுது. ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சதும் மூளை பதறிப்போய் உலுக்கி எழுப்புது. எழுந்தது அவருக்கே தெரியாது. ஒரே ராத்திரியில எத்தனையோ தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் எகிறும், இதயம் அடிவாங்கும். கடைசியில துடிப்பே தாறுமாறாகிடுச்சு.”

“மூச்சையும் நாடியையும் பாத்துக்க உடம்புல காவல் கருவி இருக்கே டாக்டர், அது சொல்லாதா?”

“சொல்லியிருக்கே. அவரு தூங்குறதால உங்க செவியகத்துக்குத்தான் எச்சரிக்கை அனுப்பியிருக்கு. ‘துணைவரின் மூச்சு நிற்கிறது, எழுப்புங்கள்’னு. உங்களுக்குக் கேக்கலையா?”

செவியகத்தைத் திருத்தியமைத்த நாளில், தூக்கம் கெட்ட எரிச்சலில் தான் சொன்ன வார்த்தைகள் எமல்டாவுக்கு நினைவுக்கு வந்தன. ‘இந்த மனுசன் குறட்டை சம்பந்தப்பட்ட எதுவுமே எனக்கு வேண்டாம்.’ கருவி சொன்னபடி செய்திருந்தது. அவன் மூச்சுக்குத் திணறிய நேரத்திலெல்லாம் அவளுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கஸ்பார் பேசும் நிலைக்கு வந்ததும், அவன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“கையெட்டுற தூரத்துலதாங்க படுத்திருந்தேன். நாலு வருசம் முன்னாடி டாக்டரப் பாருங்கன்னு தினமும் கெஞ்சினேன். நீங்க மண்டைய மண்டைய ஆட்டுனீங்களே தவிர போகல. அந்தக் கோவத்துலதான் குறட்டைய அழிச்சேன். உங்களைக் கொல்லப் பாத்துட்டேனே.”

கஸ்பார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

“ஏட்டி, டாக்டரப் பாக்கவா சொன்ன?”

“பின்ன? தினமும் காலையில அதைத்தான சொன்னேன்.”

“எனக்குத் தெரியாதுட்டி.” அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். “வேலைக்குக் கிளம்புற நேரத்துல நீ ஏதாவது குறை சொல்லுவியேன்னு, காலையில உன் குரலை அழிச்சு வச்சிருந்தேன். உன் வாய் அசையும். நான் தலையாட்டுவேன்.”

எமல்டாவுக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய தவறும் வெளியே வந்ததால் அவளுடைய பாரம் குறையவுமில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினார்கள்.

அன்று மாலையே இருவரும் செவியகத்தை அகற்றச் சொன்னார்கள். தூங்கும்போது தொண்டையைத் திறந்தே வைக்கும் ‘மூச்சுத்தாங்கி’யைக் கஸ்பாரின் முகத்தில் பொருத்திக் காட்டினார் டாக்டர். காதுக் கருவி வெளியே வந்ததும், சுவருக்கு அப்பால் யாரோ இருமுவதும் எங்கோ ஒரு கதவு சாத்தப்படுவதும் எமல்டாவுக்குக் கேட்டன.

“எல்லாம் இந்தக் கருவியால வந்த வினை டாக்டர்,” என்றாள். “இதெல்லாம் இல்லாத காலத்துல, பூமியில இருந்தவங்க கொடுத்து வச்சவங்க. பொண்டாட்டி சொன்னா புருசனுக்குக் கேட்டிருக்கும். அவரு திணறினா இவளுக்குக் கேட்டிருக்கும்.”

மெஹருன்னிசா கையுறையைக் கழற்றியபடி அவளைப் பார்த்தார். பழைய பூமியின் இதய நோய்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர்.

“கேட்டுச்சும்மா. குறட்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கு. பொண்டாட்டி எழுந்து வேற அறைக்குப் போய்ப் படுத்துக்குவாங்க. காலையில டாக்டரப் பாருங்கன்னு சொல்லுவாங்க. அவரும் சரின்னு தலையாட்டுவாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்தப் புருசங்களும் இதே மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. காதுல போட்டுக்காம இருக்க, அவங்களுக்குக் கருவியே தேவைப்படல.”