தட்டில் மாறிய தேற்றிகள்

புதுத்துணியை ஜெபம் பண்ணாமல் உடுத்துகிற வழக்கம் எமீமாள் வீட்டில் கிடையாது. கிறிஸ்துமஸ் காலையில் தன் சேலையையும் கணவர் ஆசீரின் வேட்டி சட்டையையும் ஒரு தட்டில் அடுக்கினாள். சபை அனுப்பியிருந்த, காதில் ஆறுதல் பேசும் புதுத் தேற்றிகள் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். இருவரும் தட்டின்மேல் கைவைத்து ஜெபித்தார்கள். ஆமென் சொன்ன கையோடு ஆளுக்கொன்றைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார்கள். கடல் ஊருக்குள் வந்த பிறகு தூத்துக்குடியில் அவர்கள் பக்கத்துக்காரர்கள் கோயிலுக்குப் படகில்தான் போகிறார்கள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சபை புதுத் தேற்றி கொடுக்கும். பழையதில் சேர்ந்த நினைவெல்லாம் அதில் ஏற்றியே வரும். பழகிய தேற்றி தொட்ட காதை வைத்தே ஆளைக் கண்டுகொள்ளும். புதியதற்கு முதல் நாள் அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அதனால் பெட்டியில் பெயர் எழுதி அனுப்புவார்கள். வாங்குகிறவர்கள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து ஜெபிப்பார்கள் என்று செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆறு மணி ஆராதனை தொடங்கியது. சபைக் குருவான ஐயர் பீடத்தில் ஏறிக் கையை உயர்த்தினார். இப்போதெல்லாம் அவருக்கு அவ்வளவுதான் வேலை. முந்நூறு பேருக்கு முந்நூறு பிரசங்கம் காதிலேயே நடக்கும், பாடகர் குழுவும் அவரவர் காதில்தான். அவனவன் மனதுக்கு எந்தக் கிறிஸ்துமஸ் வேண்டுமோ அதைத் தேற்றி தந்துவிடும். குறை சொல்லவும் முடியாது. வெள்ளத்துக்குப் பிந்திய வருஷங்களில் துக்கம் தாங்காமல் போக இருந்த எத்தனையோ பேரை அது இழுத்துப் பிடித்திருக்கிறது. கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. தேற்றி சொன்னதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது, அடுத்தவரிடம் கேட்கவும் கூடாது. இந்த உள்மொழிச் சட்டம் கணவன் மனைவிக்கும் சேர்த்துத்தான்.

எமீமாளுக்குத் தன் பிரசங்கம் மனப்பாடம். மகள் கெத்சியாள் வெள்ளத்தோடு வந்த காய்ச்சலில் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது, அப்போது பிள்ளைக்கு ஆறு வயது. குழந்தை சமாதானத்தில் இருக்கிறாள் என்று தேற்றி சொல்லும். ஆசீருக்கு ஆறிவிட்டது, அந்தப் புண்ணைக் கிளறாதே என்றும் சொல்லும். அவளும் கிளறவில்லை. ஆறிவிட்டதே என்று உள்ளுக்குள் அவர்மேல் ஒரு வெறுப்பை வைத்துக்கொண்டு, அவருக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று தேற்றி, "ஆசீர்" என்று ஆரம்பித்தது.

அவள் திடுக்கிட்டாள். கழற்றியிருக்க வேண்டும். கை எழவில்லை.

"ஆசீர், அலுவலக மேசையில் இருக்கும் அந்த அட்டைச் சிறகை இந்த மாதம் நாற்பது முறை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அது அன்பு, அதில் தவறில்லை. ஆனால் எமீமாளிடம் காட்ட வேண்டாம். அவள் ஆறிவிட்டாள். இந்தப் பண்டிகையின் பொருள் சமாதானம். உங்கள் வீட்டில் அது இருக்கிறது."

ஞாயிறு பள்ளி நாடகத்தில் தேவதூதனாக நடிக்கக் கெத்சியாளுக்குச் செய்த சிறகு அது. சவ அடக்கத்தன்று ஒரு சிறகைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் வெள்ளத்தோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். எமீமாளுக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று முதலில் தெரியவில்லை. பிறகு எல்லார்மேலும்தான் என்று தெரிந்தது. காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்துப் பிய்த்தெடுத்தாள்.

கோயில் அமைதியாக இருந்தது. யாரும் பாடவில்லை. முந்நூறு பேர் கண்மூடி, முகம் மலர்ந்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பினாள். ஆசீரின் உள்ளங்கையில் இன்னொரு தேற்றி கிடந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொட்டை மாடியில நின்னு அவளப் பேரு சொல்லிக் கூப்பிடுதியாமே," என்றார் ஆசீர். "ஒனக்கு ஆறிட்டுன்னுல்லா நெனச்சேன்."

"சிறகு ஒங்ககிட்டயா இருக்கு?"

அவர் தலையசைத்தார்.

"நான் கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடுனேன்," என்றாள் எமீமாள். பன்னிரண்டு வருஷமாக ஆறுதலை வெளியிலிருந்து வாங்கிப் பழகியவர்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளச் சொந்தமாக ஒரு வார்த்தை கைவசம் இல்லை. அவரை மன்னிக்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரால் தன்னை மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

ஓரத்தில் நின்று ஆராதனையைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை இவர்களைப் பார்த்துவிட்டார். தன் காதுக்குப் பின்னால் இருந்த தேற்றியில் விரலை வைத்து, மாட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். நல்ல மனுஷர், இவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டதென்றே பதறினார். மாட்டிக்கொண்டால் போதும், கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். எமீமாளுக்கு அந்த ஆசை வரவே செய்தது. கை பாதி தூரம் போயும்விட்டது.

அப்போது பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. ஐந்து வயதுவரை பிள்ளைகளுக்குத் தேற்றி கிடையாது. அதன் தாய் கண்மூடிச் சிரித்த முகமாகத் தோளில் தட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை பசியில் கத்தியது. முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒரு தலையும் திரும்பவில்லை.

வானத்திலேயே இருந்துகொண்டு அவரவர் காதில் இதமாகப் பேசிவிட்டுப் போயிருக்கலாமே ஆண்டவர், என்று எமீமாள் நினைத்தாள். அவரால் முடியாததா? அதை விட்டுவிட்டு, பசித்தால் அழுகிற உடம்போடு மாட்டுக்கொட்டகையில் வந்து கிடந்தாரே. இத்தனை கிறிஸ்துமஸில் இதை அவளுக்கு எந்தத் தேற்றியும் சொன்னதில்லை. அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை. நெஞ்சு வலித்தது. ஆனாலும் அது அவளுடையதாக இருந்தது.

தேற்றியைத் தரையில் போட்டுவிட்டு ஆசீரின் கையைப் பிடித்தாள்.

"கெத்சியா," என்றார் ஆசீர், வாய்விட்டு.

"கெத்சியா," என்றாள் அவளும்.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அந்தக் கோயிலில் பெரியவர்களில் அது இரண்டு பேருக்குத்தான் கேட்டது. இருவரும் பின்வரிசைக்குப் போனார்கள்.