அச்சம் பதியாத முகம்

மருதாற்று நாட்டில் காலையில் வானிலை அறிக்கைக்கு முன்பே கனவுநிலை அறிக்கை வந்துவிடும். மேல்கரையில் மிதமான பயம், கீழ்கரையில் ஆங்காங்கே நிம்மதி என்று வானொலிப் பெண் மெதுவாக வாசிப்பாள். ஜனங்கள் தேநீரை ஆற்றியபடி, இன்னும் தூக்கம் கலையாத முகத்தோடு கேட்பார்கள்.

பத்தொன்பது வருடப் போர் ஓய்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஆற்றின் இரு கரைகளும் கொன்றது போதும் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, சமாதான ஆணையம் வீட்டுக்கு வீடு கனவுமானி கொடுத்தது. வெற்றிலை அளவுக்கு மெல்லிய தகடு. தலையணைக்கடியில் வைத்தால் போதும். தூங்குகிறவருக்குள் எந்த முகம் எழுகிறது, அப்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளும். கனவு கண்டவர் யார் என்று கேட்காது. ஆணையத்தின் வரைபடத்தில் பயம் சிவப்பாகவும் அமைதி பச்சையாகவும் விழும்.

புதிய காவல்துறைத் தலைவரை அந்தத் தகடுகளைக் கொண்டே தேர்ந்தெடுப்பது என்று ஒப்பந்தம். மேல்கரைக்காரர் கீழ்கரை அதிகாரியை நம்பமாட்டார், கீழ்கரைக்காரரும் அப்படியே. ஆகவே யாருடைய கெட்ட கனவிலும் வராத முகம் ஒன்று வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு அதிகாரிகளின் படங்களை வைத்து மூன்று மாதம் சலித்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு முகம்.

அது குணசீலியின் முகம். ஐம்பத்திரண்டு வயது. கீழ்கரைப் பரிசல்துறையில், நாணல் காட்டை ஒட்டிய சின்னக் காவல் நிலையத்தில் ஆய்வாளர்.

செய்தியைச் சொல்ல ஆணையத் தலைவர் அருளப்பனே படகில் வந்தார். மேல்கரைக்காரர், முன்னாள் நீதிபதி. ஆற்றுப் பனிக்குள்ளிருந்து அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் முதலில் தெரிந்தது, பிறகுதான் ஆள் தெரிந்தார்.

"உங்க அச்சக்கணக்கு பூஜ்யம்மா," என்றார். "ரெண்டு கரையிலயும் ஒருத்தர்கூட உங்களப் பாத்துப் பயந்து முழிச்சதில்ல."

"கருவியில ஏதாவது கோளாறு இருக்கும்யா."

"மூணு தடவ சரிபாத்தாச்சு."

குணசீலி ஆற்றைப் பார்த்தாள். "என் கனவையும் சேத்தா பாத்தீங்க?"

"அதிகாரிங்க வீட்டுத் தகட கணக்குல எடுக்கறதில்ல. அவங்க முகத்துக்கு அவங்களே சாட்சி சொல்ல முடியாதே," என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கனவில் அவள் முகமே தவறாமல் வந்துகொண்டிருந்தது. இரும்புக் கதவுக்குப் பின்னால், கையில் சாவியோடு.

பதினான்கு வருடத்துக்கு முன், ஒரு மத்தியான வெயிலில் மேல்கரைக்காரர்கள் பதினோரு பேர் பரிசலில் தப்பி வந்து நிலையத்துக் கதவைப் பிடித்து உலுக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் அவளுடைய கரையைச் சேர்ந்த ஆயுதக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நிலையத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். மேல்கரை ஆள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. "கதவத் தெறங்கம்மா," என்றான் ஒருவன், கெஞ்சக்கூட நேரமில்லாத குரலில். சாவி உள்ளங்கையில் சுட்டது. அவள் திரும்பி உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பதினோரு பேரையும் நாணலுக்கு அப்பால் இருந்த இலுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோனதை ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை.

இறந்தவர்கள் கனவு காண்பதில்லை. கொன்றவர்களுக்கு அவளைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அப்படித்தான் அந்தப் பூஜ்யம் வந்தது.

வியாழக்கிழமை தலைநகர மண்டபத்தில், நாடே வானொலியில் கேட்டுக்கொண்டிருக்க, அறிமுக உரைக்கு அவளை அழைத்தார்கள். குணசீலி நன்றி சொல்லவில்லை. கதவைப் பற்றிச் சொன்னாள். சாவியைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, பதினான்கு வருடம் வாயைத் திறக்காததைப் பற்றி.

வெளியே வந்ததும் அருளப்பன் தளர்ந்துபோய்ச் சொன்னார். "நாளைக்குக் காலைல வரைபடம் முழுக்க உங்க முகம் செவப்பா எரியப்போகுதும்மா."

"எரியட்டும்யா."

எரியவில்லை. மறுநாள் வரைபடம் வெளிர்பச்சையாக, மழைக்குப் பிந்தைய வயல்போலக் கிடந்தது. ஒரே இரவில் எழுபதாயிரம் பேர் அவளைக் கனவு கண்டிருந்தார்கள். அத்தனை நெஞ்சுகளும் குழந்தை தூங்குவதுபோல அமைதியாக அடித்திருந்தன. அச்சம், பூஜ்யம்.

அருளப்பன் ஓடி வந்தார். "ஜனங்க உங்கள மன்னிச்சிட்டாங்கம்மா!"

"மன்னிச்சதா தகடு சொல்லுச்சா?"

"பயமில்லன்னு சொல்லுது. சட்டத்துக்கு அது போதும். நாளைக்குப் பத்து மணிக்கு உறுதிமொழி."

அன்று பிற்பகல் பரிசல்துறைக்கு ஒரு பெண் வந்தாள். மேல்கரையில் தையல்கடை வைத்திருப்பவள், பெயர் தங்கபுஷ்பம். குணசீலி நாற்காலியை இழுத்துப் போட்டும் அவள் உட்காரவில்லை.

"ராசையான்னு எங்க அண்ணன். அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன்."

குணசீலி எழுந்து நின்றாள்.

"ராத்திரி நீங்க கனவுல வந்தீங்க," என்றாள் தங்கபுஷ்பம். "சாவியப் போட்டுத் திருப்பறீங்க. கதவு தெறக்குது. அண்ணன் உள்ள வந்து தண்ணி கேக்கறான். நீங்க செம்புல மோந்து குடுக்கறீங்க. பதினாலு வருசத்துல நான் அவ்வளவு நல்லாத் தூங்கினதே இல்ல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தாள்.

"முழிச்சப்புறம்தான், நீங்க தெறக்கலங்கறது ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் அழுதத உங்க தகடு குறிச்சுக்கல. நான்தான் முழிச்சிட்டேனே."

அந்த வெளிர்பச்சை முழுவதும் என்ன என்று குணசீலிக்கு அப்போதுதான் புரிந்தது. எழுபதாயிரம் வீட்டில், திறக்காமல் போன எழுபதாயிரம் கதவுகளை அவள் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தப் பதவிக்குப் போகலாமா, கூடாதா? நீ சொல்லும்மா."

"அத எங்கிட்ட கேக்காதீங்க. அது உங்க பாடு. அண்ணன் எங்க கெடக்கான்னு மட்டும் காட்டுங்க."

வெள்ளிக்கிழமை போய்ச் சனி விடிந்தது. நாணல் பூத்திருந்தது. இரண்டு பெண்களும் அந்த வெண்மைக்குள் இடுப்பளவு மூழ்கி நடந்தார்கள். இலுப்பை மரம் எப்போதோ விழுந்து, அடிக்கட்டை மட்டும் இருந்தது. குணசீலி சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். காவலர் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. அருளப்பன்.

"எங்கம்மா இருக்கீங்க? மண்டபம் நெறஞ்சு கெடக்கு. இன்னிக்குக் கணக்கு பாத்தீங்களா? ரெண்டு லட்சம் பேர்! ஒரு சொட்டு பயம் இல்ல!"

"ஐயா, பரிசல்துறைக்கு ஒரு மருத்துவரையும், வாக்குமூலம் எழுத ஒருத்தரையும் அனுப்புங்க. முதல் வாக்குமூலம் என்னோடது."

"உறுதிமொழி? அவங்க எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

"தூக்கத்துல கேக்கறாங்கய்யா. அவங்கள எழுப்பிக் கேளுங்க. முழிச்சிருக்கறப்பவும் என் பேரச் சொன்னாங்கன்னா, அப்ப வர்றேன்."

நாட்டில் யாரும் யாரையும் நேருக்கு நேர் எதுவும் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எப்படிக் கேட்பது என்று அந்த முன்னாள் நீதிபதிக்கே தெரியவில்லை போலும்.

"கேட்டா, இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றார் கடைசியில்.

"சொல்லட்டுமேய்யா."

அவள் கைப்பேசியை அடிக்கட்டை மேல் வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். முழங்கால் ஆழத்தில் மண் நிறம் மாறியது. இன்னும் ஒரு பிடி தள்ளியபோது நீலக்கட்டம் போட்ட துணி ஒன்றின் ஓரம் தெரிந்தது. குணசீலி மண்வெட்டியைத் தூர வைத்தாள். இனி மருத்துவரின் வேலை.

"அண்ணனோடதா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"தெரியலம்மா. தெரிஞ்சுக்கலாம்."

தங்கபுஷ்பம் குழியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். குணசீலி இந்தப் பக்கம். வெயில் ஏறியது. கண் மூடாமல் இருவரும் படகுச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.