பக்கத்து நாற்காலி

தங்கை கையை எடுக்கவே இல்லை. வலது கையில் வயலின் வில் சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. இடது கை விரல்கள் கம்பிகளின் மேல் இருந்தன. ஆனாலும் அவளுக்கு முன்னால் ஸ்டாண்டில் இருந்த இசைத்தாள் ஓரத்தில் மெதுவாக எழும்பி, ஒரு கணம் செங்குத்தாக நின்று, மறுபக்கம் போய்ப் படிந்தது.

ஏசி காற்றாக இருக்கும் என்று மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா நினைத்துக்கொண்டாள்.

மேடைக்குப் பக்கவாட்டில் தொங்கும் மாடியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கைப்பிடிச் சுவரில் மோவாயை வைத்துக்கொண்டால் வயலின்காரர்களின் கடைசி வரிசை நேர் கீழே தெரியும். அதற்காகவே அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். இசையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. பல்லைக் குடையும் கருவியின் கீச்சொலியை நாளெல்லாம் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், முழுக்க முழுக்க இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய சிம்பொனிகளைக் கேட்க உட்கார்ந்திருப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் சுருதி சேர்த்ததையே முதல் பாட்டு என்று எண்ணிக் கைதட்டப்போய், அடுத்த இருக்கைக்காரரின் பார்வை பட்டதும் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். அந்தத் தங்கைக்கு இந்தக் குழுவில் இதுதான் முதல் கச்சேரி.

காலையில் தலை வாரிவிடும்போதே தங்கை புலம்பினாள். "எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா ஒரே ஸ்டாண்டைப் பாத்து வாசிப்போம்கா. ஒருத்தர் வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க, இன்னொருத்தர் நிறுத்திட்டுப் பக்கத்தைத் திருப்புவாங்க. இன்னைக்கு எனக்குப் பக்கத்துல யாரும் இல்ல. நானேதான் திருப்பிக்கணும்."

"ஏன், ஆள் கிடைக்கலையா?"

"ஒத்திகையில எங்கூட உக்காந்திருந்த அந்தம்மா போன மாசம் தவறிட்டாங்கல்ல. அவங்க ஞாபகமா இன்னைக்கு மட்டும் அந்த நாற்காலியைக் காலியா விடப்போறாங்களாம்."

"ஒண்ணும் ஆகாது போடி. ஆடாம உக்காரு, வகிடு கோணுது" என்று அப்போது சொல்லியிருந்தாள்.

இப்போது அந்தக் காலி நாற்காலியின் மேல் ஒரு வெள்ளைப் பூ கிடந்தது. நீளக் காம்புள்ள, நன்றாக மலர்ந்த பூ.

முதல் சிம்பொனி கடலைப் பற்றியது என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது. கீழிருந்து பெரிய பெரிய வயலின்கள் உறுமின. அதன்மேல் குழல்கள் ஈரக் காற்றைப்போல ஊதின. மேளக்காரர் தோல் மேல் குச்சியை உருட்டியபோது கைப்பிடிச் சுவர் அதிர்ந்து, அந்த அதிர்வு அவளுடைய மோவாய் வழியாகப் பல்வரிசைக்குள் ஏறியது. எங்கிருந்தோ தைல வாசனை வந்தது. தோள்வலிக்குத் தேய்ப்பார்களே, மூக்கைக் குளிரவைக்கும் அந்தத் தைலம். அவள் திரும்பிப் பார்த்தாள். யார் மேலும் அந்த வாசனை இல்லை. மறுபடி கீழே பார்த்தபோது இன்னொரு பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. அது காற்றில் படபடக்கவில்லை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதுபோல் நிதானமாக எழும்பி, படிந்து, அப்புறம் உள்ளங்கையால் தடவிவிட்டதுபோல் நடுவில் ஒருமுறை அமுங்கியது.

மற்ற ஸ்டாண்டுகளில் ஒரு தாள்கூட அசையவில்லை.

இடைவேளை விட்டதும் படியிறங்கி, மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழிக்கு ஓடினாள். தங்கை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். வியர்வையில் கழுத்து பளபளத்தது. சக வாசிப்பாளர்கள் தண்ணீர் பாட்டிலும் சிரிப்புமாக அவளைக் கடந்து போனார்கள்.

"பாத்தியாக்கா?"

"என்னத்த?"

"முதல் தடவை நான் திருப்ப மறந்துட்டேன். தானா திரும்பிருச்சு. அப்புறம் வேணும்னே கையை எடுக்காம இருந்தேன்." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "அந்தம்மா மேல எப்பவும் தைல வாசனை அடிக்கும். விரலை எச்சில் தொட்டுத்தான் திருப்புவாங்க. எனக்கு அருவருப்பா இருக்கும். இப்ப தாளோட ஓரம் ஈரமா இருக்குக்கா."

மாடியிலிருந்து பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "உன் வியர்வையா இருக்கும்."

"நான் தொடவே இல்லைங்கிறேன்." தங்கை கீழுதட்டைக் கடித்தாள். "ஒத்திகையில நான் ஒரு நொடி தயங்கினாலும் திட்டுவாங்க. 'திருப்ப நான் இருக்கேன்ல? நான் திருப்பிக்கிட்டே இருக்கிற வரைக்கும் நீ வாசிச்சுக்கிட்டே இரு, நிறுத்தாதே'ன்னு."

"வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு வா. வீட்டுக்குப் போயிடலாம்."

"முதல் கச்சேரிக்கா. பாதியில எந்திரிச்சுப் போனா இனிமே கூப்பிடுவாங்களா?"

இடைவேளை முடிந்ததைச் சொல்லும் மணி அடித்தது. தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் ஊசி போடும் அறைக்கு வெளியே நின்று பார்ப்பாளே, அதே பார்வை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கை வந்துவிடுவாள். ஆனால் இத்தனை வருடம் இதற்காகத்தானே விடியற்காலையில் எழுந்து வாசித்தாள் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

"சரி, போ. நான் மேல இருந்து உன்னையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

தங்கை தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலியில் பூ இருந்தது. நசுங்கி, தட்டையாக, இதழ்கள் நாற்காலித் துணியோடு ஒட்டி.

கடைசி சிம்பொனி ஆரம்பித்தது. போர் ஒன்று முடிந்த பிறகு எழுதியதாம். ஆரம்பமே யாரோ சத்தம் வராமல் அழுவதுபோல் இருந்தது. பெரிய ஓசைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. பித்தளைக் குழல்கள் ஓய்ந்தன. மேளக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். கடைசியில் வயலின்கள் மட்டும் மிச்சமிருந்தன. அதுவும் தேயத் தேய, வாசிக்கிறார்களா, வில்லைச் சும்மா காற்றில் ஆட்டுகிறார்களா என்று தெரியாத அளவுக்கு மெலிந்துபோயிற்று. மண்டபத்தில் யாரும் இருமவில்லை. தைல வாசனை இப்போது தொண்டையில் கசந்தது.

இசைக்குழு நடத்துநரின் கை அந்தரத்தில் நின்றது. எல்லா வில்களும் நின்றன.

தங்கையின் வில் நிற்கவில்லை.

சத்தமே இல்லை. ஆனால் வில் போய் வந்தது. பக்கம் திரும்பியது. மற்ற ஸ்டாண்டுகளில் எல்லாரும் கடைசித் தாளில் இருந்தார்கள். தங்கையின் ஸ்டாண்டில் வலது பக்கம், இன்னும் திருப்பாத தாள்களின் கட்டு முன்பு இருந்த கனத்திலேயே இருந்தது. இன்னொரு பக்கம். இன்னொன்று.

கைதட்டல் வெடித்தது. குழு எழுந்து வணங்கியது. தங்கை எழவில்லை. வாசிப்பாளர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறினார்கள். தங்கையின் முழங்காலில் இடிக்காமல், தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஜனங்கள் பேசிக்கொண்டே கலைந்தார்கள். நீலச் சட்டைபோட்ட ஊழியர் ஒருவர் வந்து ஒவ்வொரு ஸ்டாண்டிலிருந்தும் தாள்களை எடுத்து அடுக்கினார். தங்கையின் ஸ்டாண்டுக்கு வந்ததும் கையை நீட்டினார். ஏதோ மறந்துபோனவர்போல் நின்றார். கையை மடக்கிக்கொண்டு அடுத்த ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அவள் ஓடினாள். படிகள், நடைவழி, கனத்த கதவு. மேடை.

"குட்டி."

தங்கை திரும்பவில்லை. கிட்டத்தில் போனதும்தான் தெரிந்தது. இடது கை விரல்நுனிகள் கிழிந்திருந்தன. ரத்தம் கம்பிவழியாக இறங்கி மரத்தில் சொட்டியிருந்தது. கண்கள் தாளைவிட்டு அகலவில்லை.

"குட்டி, போதும். எல்லாரும் போயாச்சு."

"திருப்புறாங்கக்கா." உதடு மட்டும் அசைந்தது. "இன்னும் திருப்புறாங்க."

அவள் கண்முன்னால் தாளின் ஓரம் ஈரமாகி, ஒரு விரல் அளவுக்குக் கறுத்தது. எழும்பியது.

அவள் அதைப் பிடித்தாள். எதிரே யாரோ இழுத்தார்கள். வயதான கையின் பலம். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் தாள்கட்டை மொத்தமாக மூடி, பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஸ்டாண்டு சரிந்து விழுந்தது.

வில் நின்றது.

தங்கை நெடுநேரம் தண்ணீருக்கடியில் இருந்தவள்போல் மூச்சை இழுத்தாள். வயலின் மடியில் நழுவியது. அப்படியே அக்காவின் வயிற்றில் முகத்தைப் புதைத்து விம்மினாள். சூடான, ஈரமான, உயிருள்ள முகம். அவள் தங்கையின் தலையை இறுக்கிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். வெறும் நாற்காலி.

"ஒண்ணும் இல்லடி. முடிஞ்சுபோச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

அப்போது கீழே எங்கோ ஒரு ஸ்பிரிங் முனகியது.

மண்டபம் காலியாக இருந்தது. உட்காருகிறவர்கள் எழுந்ததும் தானாக மடிந்துகொள்ளும் இருக்கைகள். வரிசை வரிசையாக மடிந்து நின்றன. வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில், முன்வரிசை நடுவில், ஓர் இருக்கை மெதுவாகத் தாழ்ந்தது. பாரம் தாங்கி, ஒருமுறை ஆடி, நின்றது.

அதற்குப் பக்கத்து இருக்கை தாழ்ந்தது.

அப்புறம் இன்னொன்று. இரண்டாவது வரிசை. மூன்றாவது. அவசரமே இல்லாமல். உள்ளே போகிறவருக்காக முழங்காலை ஒதுக்குவதுபோல் ஒன்று மேலெழும்பி, மறுபடி தாழ்ந்தது. ஸ்பிரிங்குகளின் முனகல் மண்டபத்தின் பின்பக்கம்வரை நகர்ந்து போயிற்று. மாடியிலும் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு அமைதி. கச்சேரி தொடங்குமுன் வரும் அமைதி.

அவள் வயிற்றின் மேலிருந்த முகம் விலகியது. தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுகை நின்றிருந்தது. கிழிந்த விரல்களால் வயலினைத் தூக்கினாள். கடைசி வரிசைவரை எல்லா இருக்கைகளும் தாழ்ந்திருந்தன.