மாவாவிக் தேவாலயத்து வெள்ளிக் கிண்ணம்

பகல் 1.50. தேவாலயத்தின் பின்னறை அலமாரியை க்ரிமுர் திறந்தார். ஞானஸ்நானக் கிண்ணம் இருந்த இடத்தில் வெறும் பச்சைத் துணிதான் கிடந்தது.

மாலை நான்கு மணிக்கு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். ஐஸ்லாந்துக் கடற்கரை ஊரான மாவாவிக்கில் பிறந்த ஒவ்வொரு தலையிலும் இருநூறு ஆண்டுகளாக அந்த வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீர்தான் விழுந்திருக்கிறது. சபைத் தலைவர் க்ரிமுரின் வழுக்கைத் தலையிலும் அதுவே.

2.05. ஊரின் ஒரே காவலரான சால்வோர், மேலங்கியில் படிந்த ஆலங்கட்டிகளை உதறியபடி உள்ளே வந்தாள்.

“இதுல துப்பறிய என்ன இருக்கு?” என்று க்ரிமுர் வெடித்தார். “ஒண்ணு இவ எடுத்திருக்கணும். இல்ல, இவ கூட்டிட்டு வந்த சுற்றுலாக் கப்பல்காரங்க எடுத்திருக்கணும். அஞ்சரைக்குக் கப்பல் போயிடும். கிண்ணமும் போயிடும்!”

‘இவ’ என்றது கதவோரம் நின்ற ஆல்தீஸை. கம்பளி நூல் கடை வைத்திருப்பவள். மூன்று கோடைகளுக்கு முன் ஒரே தாளில் ஊரின் வழிப்படத்தை வரைந்து, ‘செலவில்லாமல் ஆறு மணி நேரம்’ என்று தலைப்பிட்டு, துறைமுகத்தில் சும்மா கொடுக்க ஆரம்பித்தாள். அருவிப் பாதை, பறவைப் பாறை, காப்பி தரும் நூலகம், வெந்நீர் ஊறும் ஊர்க் குளம், தேவாலயம். கப்பலில் விற்கும் பஸ் சுற்றுலாச் சீட்டின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எல்லாம் இப்போது இறங்கியதும் அந்தத் தாளுக்குத்தான் கை நீட்டினார்கள். கப்பல் வரும் நாட்களில் தேவாலயத்தைத் திறந்துவைப்பதும் அவள்தான். இன்று அவள் முகம் வெளுத்திருந்தது.

“கதவை எப்பத் திறந்தே?” என்றாள் சால்வோர்.

“பத்து மணிக்கு.”

“வெளிய போனது?”

“ஒரு மணிக்கு. அருவிக்கு வழி தெரியலைன்னு ரெண்டு பேர் நின்னாங்க. பாலம் வரைக்கும் போய்க் காட்டிட்டு வந்தேன். ஒண்ணே முக்கால் ஆச்சு.”

“பூட்டலையா?”

“இந்த ஊர்ல யாரு பூட்டுறாங்க? உன் ஸ்டேஷனையே நீ பூட்ட மாட்டே.”

சால்வோருக்குச் சிரிப்பு வந்தது. க்ரிமுரைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“ஒரு மணிக்குக் கிண்ணம் இருந்துச்சா?”

“இருந்துச்சு. நான்தான் துடைச்சு வெச்சேன்.”

சால்வோர் அலமாரியைப் பார்த்தாள். கிண்ணம் இருந்த தட்டிலேயே இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகள் நின்றன. ஒன்றைத் தூக்கினாள், கனத்தில் கை இறங்கியது. திருப்பி வைத்தாள். பின்னறைக் கதவில், ‘இன்று நான்கு மணிக்கு ஞானஸ்நானம்’ என்று போதகர் ஐஸ்லாந்திய மொழியில் கிறுக்கிய சீட்டு ஒட்டியிருந்தது.

வருகைப் பதிவேட்டின் கடைசி வரி: ஹெல்முட், ஹாம்பர்க். 1.10.

“இவன் பையைச் சோதி!” என்றார் க்ரிமுர்.

2.30. ஹெல்முட் ஊர்க் குளத்து வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பையைத் திறக்கச் சொன்னதும் அவர் காது சிவந்தது. உள்ளே ஒரு ஃபிளாஸ்க், நான்கு அவித்த முட்டை, கைத்துணியில் சுற்றிய ரொட்டி.

“கப்பல்ல காலைச் சாப்பாட்டுல எடுத்து வெச்சதுங்க. இதுக்குப் போய் போலீஸா?”

“இதுக்கு இல்லைங்க. நல்லாச் சாப்பிடுங்க.”

அவர் மனைவி வரவேற்பு மேசையில் புலம்பிக்கொண்டிருந்தாள். புது வெள்ளிக் காப்பு. குளத்தில் அரை மணி நேரம் இருந்ததில் அடுப்புக்கரி போல் கறுத்துவிட்டது.

“கந்தகத் தண்ணிம்மா” என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பாரா. “வெள்ளிக்கு ஆகாது. பற்பசை போட்டு அரை மணி நேரம் தேய்ங்க, வந்துடும்.” பிறகு சால்வோரிடம் குனிந்தாள். “ஆல்தீஸையா சந்தேகப்படுறாங்க? க்ரிமுருக்குப் புத்தி பிசகிடுச்சா?”

“மதியம் ஊர்க்காரங்க யாரு வந்தாங்க?”

“பஸ்காரன் எகில் மட்டும்தான். சுற்றுலாக் கூட்டத்தை மீன் கொட்டகையில சுத்திப் பாக்க இறக்கிவிட்டுட்டு ஒரு மணிக்கு வந்தான். ரெண்டு மணிக்குத் தலை சொட்டச் சொட்டப் போனான்.”

“நடுவுல பாத்தியா?”

“வரிசையில நாப்பது பேர் நிக்கிறாங்க. நான் எங்க பாக்க?”

சால்வோர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். திறந்தவெளிக் குளம், இடுப்பளவு வேலி. அதைத் தாண்டி இருநூறு அடியில் தேவாலயம். ஆலங்கட்டி மழை விடவே இல்லை.

3.00. வளைகுடாவின் மறுகரையில் மீன் கொட்டகை. உள்ளே சுற்றிப் பார்த்து முடித்த பஸ் கூட்டம் சூப் குடித்துக்கொண்டிருந்தது. வெளியே பஸ்ஸில், ஸ்டியரிங்கில் மோதிர விரலால் தாளம் போட்டபடி எகில் உட்கார்ந்திருந்தான்.

“வா, வா! நடராஜா சர்வீஸ் கூட்டம் கைவரிசையைக் காட்டிடுச்சாமே? க்ரிமுர் போன் பண்ணான். ஓசியில சுத்துறவனைக் கோயிலுக்குள்ள விடாதேன்னு நான் அப்பவே சொன்னேன்.”

“ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் எங்க இருந்தே?”

“குளத்துல. ஒரு மணி நேரம், கழுத்து வரைக்கும் வெந்நீர். சொர்க்கம்!”

“அப்புறம்?”

“நேரா இங்க. இந்த சீட்டை விட்டு எழுந்திரிக்கல.”

“மோதிரம் பளபளன்னு இருக்கே. வெள்ளியா?”

“அப்பாவோடது. சுத்த வெள்ளி. பதினஞ்சு வருஷமாக் கழட்டல. விரல் பருத்துப்போச்சு, சோப்புப் போட்டு இழுத்தாலும் வராது.”

சால்வோர் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு பேருக்குப் போன் செய்தாள்.

3.25. க்ரிமுரும் ஆல்தீஸும் ஒரே காரில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து இறங்கினார்கள்.

“க்ரிமுர், திருடன் எதை விட்டுட்டுப் போனான்னு பாத்தீங்களா?” என்றாள் சால்வோர். “ரெண்டு தாங்கி. கிண்ணத்தை விடக் கனமான வெள்ளி. வெள்ளிக்கு வந்தவன் அதை விடுவானா? இந்தத் திருடனுக்கு வெள்ளி வேண்டாம். நாலு மணிக்கு ஊரே கூடும்போது கிண்ணம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். கதவுல இருந்த சீட்டைப் படிக்கத் தெரிஞ்சவன், இல்ல படிக்காமலே தெரிஞ்சவன். கப்பல்காரன் இல்லை, ஊர்க்காரன்.”

“ஆல்தீஸ் ஊர்க்காரிதானே?”

“கிண்ணம் போனா முதல்ல அவ தாள்தான் குப்பைக்குப் போகும். அதைப் பாத்து வர்றவங்கதான் அவ கடையில நூல் வாங்குறாங்க. தன் பிழைப்புல தானே மண் அள்ளிப் போட்டுக்குவாளா? அந்தத் தாள் போனா யாருக்கு லாபம்?”

எல்லார் கண்ணும் பஸ் மேல் திரும்பியது.

“நான் குளத்துல இருந்தேன்! பாராவைக் கேளு!” என்றான் எகில்.

“கேட்டேன். நீ உள்ள போனதையும் வெளிய வந்ததையும் பாத்திருக்கா. தலை ஈரம்னு சொன்னா. இந்த மழையில யாருக்குத்தான் ஈரம் இல்லை? ஒரு வெளியூர் அம்மாவோட காப்பு அரை மணியில கரியாயிடுச்சு. கழட்ட முடியாத மோதிரத்தோட ஒரு மணி நேரம் ஊறினே. நேரா இங்க வந்தே, சீட்டை விட்டு எழுந்திரிக்கல. நீயே சொன்னது. அப்புறம் எப்படிடா மின்னுது?”

எகில் தன் விரலைப் பார்த்தான். வேறு யாருடையதோ போல் பார்த்தான்.

“ஒவ்வொரு தடவை குளிச்சிட்டும் வீட்டுல உக்காந்து தேய்ப்பே. மோதிரம் மின்னுறது உனக்குப் பழகிப்போச்சு” என்றாள் சால்வோர். “செஞ்சதை மறைக்க வேலியைத் தாண்டினே, மணி பாத்து வந்தே, எல்லாம் சரி. செய்யாத ஒண்ணு தடயம் ஆகும்னு தோணல.”

எகில் குனிந்து, பின் சீட்டுக்கு அடியில், பனியில் டயருக்கு மாட்டும் சக்கரச் சங்கிலிப் பெட்டியைத் திறந்தான். சாக்குக்குள் கிண்ணம்.

“ரெண்டு நாள்ல வாசல்ல வெச்சிருப்பேன், சத்தியமா” என்றான். ஆல்தீஸைப் பார்க்கவில்லை. “மூணு பஸ் இருந்துச்சு எனக்கு. இப்ப ஒண்ணு. ஒரு தாளு, ஆல்தீஸ். வெறும் தாளு!”

“என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே” என்றாள் அவள். “முட்டி வலின்னு எத்தனை பேர் பாதியில திரும்புறாங்க தெரியுமா? உன் பஸ் வர்ற நேரத்தை எழுதியிருப்பேன்.”

க்ரிமுர் தொண்டையைக் கனைத்தார். தொப்பியைக் கழற்றினார். “நான் பேசினது தப்பு, ஆல்தீஸ்” என்றார். அந்த ஊரில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

அதற்குள் சூப் முடித்த கூட்டம் வெளியே வந்து பஸ்ஸைச் சுற்றி நின்றது. பத்தொன்பது பேர். “எப்பக் கிளம்பும்?” என்றார் ஒருவர்.

“இன்னைக்குக் கிளம்பாது” என்று சால்வோர் சாவியைப் பையில் போட்டாள். “அதோ தெரியுது உங்க கப்பல். அரை மணி நடை. இவங்க கூட்டிட்டுப் போவாங்க.”

ஆல்தீஸ் மூக்கைத் துடைத்தாள். மேலங்கியின் பித்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

4.20. போதகர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது தேவாலயத்தின் பின் வரிசைகளில் பத்தொன்பது மழைக் கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. மணியோசை கேட்டு உள்ளே வந்தவர்கள், குழந்தை வீறிட்டதும் ஊரோடு சேர்ந்து சிரித்தார்கள்.